இறுக்கினால் நசுங்கும், விட்டால் தொங்கும்: ஸ்டோமாவோடு வாழும் ஒருவருக்கு உள்ளாடை தைத்த நிகழ்வு ஆய்வு

இதில் வருகிறவர் திருப்பூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பதுகளின் கடைசியில் இருக்கிறார். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். மலக்குடலில் புற்றுநோய் வந்து, கட்டி ஆசனவாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, பெருங்குடலின் மீதி முனையை இடது அடிவயிற்றில் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அதுதான் ஸ்டோமா. இனி வாழ்நாள் முழுக்க மோஷன் அந்த வழியாகத்தான், வயிற்றில் ஒட்டியிருக்கும் பைக்குள்தான் வரும். நான் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் போடுகிறவள். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், இங்கே அக்கா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா கேட்டது இவ்வளவுதான்: "ஏன் அம்மிணி, ஜட்டியில உள்பக்கமா ஒரு ஜோப்பு வெச்சுத் தர முடியுமா?"

கேட்டால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் பை என்பது சும்மா ஜோப்பில் போட்டு வைக்கிற பொருள் கிடையாது. அது நிறையும், காற்றால் உப்பும், காலியாகும், அப்புறம் திரும்ப நிறையும். அதைச் சுற்றியிருக்கிற வயிறோ தாங்கிப் பிடிக்க வேண்டிய வயிறு. வயிற்றுக்கு இறுக்கம் வேண்டும், பைக்கு இடம் வேண்டும், இரண்டும் ஒரே நாலு விரற்கடைக்குள் நடக்க வேண்டும். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் யார் தைத்தாலும் அது ஜோப்பு வைத்த ஜட்டியாகத்தான் முடியும்.

முதலில் அவர் என்ன போட்டுக்கொண்டிருந்தார் என்று பார்த்தோம். ஆபரேஷன் முடிந்து வரும்போது கொடுத்த, பிரசவத்துக்கு அப்புறம் கட்டுகிற மாதிரியான அகலமான வெல்க்ரோ பெல்ட் ஒன்று. அதைப் பைக்கு மேலேயே கட்டியிருக்கிறார். பெல்ட் அழுத்தினால் பையின் இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும், வெளியே வரும் மோஷன் கீழே விழ வழியில்லாமல் ஸ்டோமாவின் வாயிலேயே அடையாகத் தேங்கும், அப்புறம் எங்கே போகும்? தோலில் ஒட்டியிருக்கிற பிளேட்டின் அடியில்தான் புகும். கசிவு, புண், திரும்ப ஒட்டினால் ஒட்டாமை, மறுபடி கசிவு. பிளேட் நல்லபடியாக ஒட்டினால் மூன்று நாலு நாள் தாங்க வேண்டும், அவருக்கு ஒரு நாள் தாங்கினாலே பெரிசு. சரி, பெல்ட்டே வேண்டாம் என்று நைட்டியோடு சும்மா இருந்து பார்த்திருக்கிறார். அப்போது பை நிறைய நிறைய அதன் கனம் முழுவதும் பிளேட்டின் மேல்விளிம்பை இழுத்து இழுத்து உரித்திருக்கிறது. நடந்தால் பை தொடையில் அடித்துக்கொண்டே வரும், அந்த பிளாஸ்டிக் பட்ட இடமெல்லாம் வேர்க்குரு. கடைசியில் வீட்டுக்காரரின் பழைய ரிப் பனியன் ஒன்றில் கத்தரியால் ஓட்டை போட்டு, அதற்குள் பையை நுழைத்து, இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் போட்டதிலேயே சரியான டிசைன் அந்தப் பனியன்தான். பையின் கனத்தைத் துணி சுமக்க வேண்டும், பிளேட் சுமக்கக் கூடாது என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

இந்தக் கனம் எங்கே போகிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களுக்கு முன்பு ஸ்டோமா உள்ளவர்கள் ரப்பர் பை, உலோகக் கிண்ணம், துணிக்கட்டு என்று கிடைத்ததை இடுப்புப் பெல்ட்டில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்ற நர்ஸ், தன் தங்கை தோராவுக்கு ஸ்டோமா வைத்த பிறகு அந்தப் பெண் வெளியே போகவே கூச்சப்படுவதைப் பார்த்து, தோலில் நேராக ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பை என்ற யோசனையை 1954-ல் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் தொழில் செய்த ஓகே லூயிஸ் ஹேன்சன் அதைத் தயாரித்தார். 1957-ல் அதற்காகவே கோலோபிளாஸ்ட் கம்பெனி வந்தது. இதே காலத்தில், 1952 வாக்கில், அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ரூப்பர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலைக் காப்பாற்ற ஒரு பிசினைப் பயன்படுத்தத் தொடங்கினார். காராயா பிசின். நம்ம ஊர்க் காடுகளில் இருக்கிற மரத்துப் பிசின்தான் அது, இந்தியாவில் இருந்துதான் உலகத்துக்கே போனது. ஒட்டும் பை வந்ததும் பெல்ட்டின் தேவை குறைந்தது, பெரிய விடுதலை. ஆனால் பெல்ட் சுமந்த கனத்தை இப்போது ஒட்டுப்பசையும் தோலும் சுமக்கின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வேர்வையோடு அந்தப் பசை எவ்வளவு தாங்கும் என்பது போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், தைக்கிறவர்கள் யாரும் மறக்கக் கூடாதது. ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்கும், தொட்டால் லேசாக ரத்தம்கூட வரும், ஆனால் அதற்கு வலி தெரியாது. குடலின் உள்தோல் உரசலையோ வெட்டையோ வலியாக உணராது. அதனால் துணியின் தையல் மடிப்போ எலாஸ்டிக் ஓரமோ நாள் முழுக்க அதில் உரசி அறுத்தாலும் அக்காவுக்குத் தெரியாது, சாயங்காலம் பையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். "எங்காச்சும் குத்துதுங்களா?" என்று ஃபிட்டிங்கில் கேட்டுப் பதில் வாங்குவது எங்கள் வழக்கம். இங்கே அந்தக் கேள்வியே செல்லாது. கழற்றிய பிறகு தோலில் பதிந்திருக்கும் கோடுகளையும் ஸ்டோமாவின் நிறத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளவு

பேட்டர்னுக்கு எப்போதும் நிற்க வைத்துத்தான் அளவெடுப்போம். அக்காவுக்கு நின்றபடி, நாற்காலியில் உட்கார்ந்தபடி, தரையில் சம்மணம் போட்டபடி, படுத்தபடி என்று நாலு விதமாக எடுத்தேன், அவருடைய மருமகள் கூட இருந்தார். நின்றால் இடுப்பு 88 செ.மீ., சம்மணம் போட்டால் 96. எட்டு செ.மீ. வித்தியாசம். அதைவிட முக்கியம், பிளேட்டின் கீழ்விளிம்பிலிருந்து தொடை மடிப்பு வரைக்கும் உள்ள தூரம். நிற்கும்போது ஒரு பையின் பாதி நீளம் அங்கே தாராளமாகத் தொங்கும், சம்மணம் போட்டதும் அந்த இடமே காணாமல் போய்ப் பை தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டு உள்ளாடைகளைப் படத்தில் பார்த்தால் எல்லாமே ஜோப்பு நேர் கீழாகத் தொங்குகிற மாதிரிதான் இருக்கும், நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அது சரி. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற, இந்தியன் டாய்லெட்டில் குந்துகிற ஆளுக்கு ஜோப்பு சாய்வாக இருக்க வேண்டும். பையின் வால் வெளிப்பக்கம் இடுப்பெலும்பை நோக்கி லேசாகத் திரும்பி நிற்க, அக்காவுக்கு முப்பது டிகிரி அளவு சாய்த்தோம். இரண்டு பாகப் பை என்பதால் இது முடிந்தது. பிளேட் தனி, பை தனி, 57 மி.மீ. வளையத்தில் டிபன் டப்பா மூடி மாதிரி அமுக்கி மாட்டுவது. எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் பையைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். ஒரே பாகமாக வரும் பை என்றால் ஒட்டும்போதே சாய்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்து, குனிய வைத்து, மடிப்பு எங்கே விழுகிறது, துணி எங்கே கட்டுகிறார்கள் என்று பார்த்துப் பேனாவால் குறிப்பதுதான் முறை. அக்காவுக்குப் படுக்க வைத்தே குறித்திருக்கிறார்கள், சேலையை எங்கே கட்டுவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. விளைவு, பாவாடை நாடா சரியாகப் பிளேட்டின் மேல்விளிம்பில் ஓடுகிறது.

நாடாப் பிரச்சினை

இதற்குத்தான் அதிக நேரம் போனது, ஏனென்றால் இது உள்ளாடைப் பிரச்சினையே இல்லை. உள்ளாடையை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் மேலே ஒரு பாவாடை நாடா ஐந்தரை மீட்டர் சேலையையும் சுமந்துகொண்டு இறுக்கினால் எல்லாம் வீண். இடுப்புக் கட்டு தோலை என்ன செய்யும் என்பது மருத்துவத்துக்குப் புதிதும் இல்லை: பம்பாய் டாடா மெமோரியலில் இருந்த கானோல்கரும் சூர்யாபாயும் வேட்டியை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் வரும் தோல் புற்றுநோயைப் பற்றி 1945-லேயே எழுதியிருக்கிறார்கள். பாவாடை நாடாவாலும் அதேபோல வந்த கேஸ்கள் பின்னால் பதிவாகியிருக்கின்றன. அது அரிதான சங்கதி, இங்கே பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாடா தடம் பதிந்த தோலில் பிளேட் சரியாக ஒட்டாது என்பதுதான் எங்கள் கவலை.

நாடாவைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொன்னால் "ஆத்தா காலத்துக்கே போகச் சொல்றியா" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இப்போது கடைகளில் விற்கிற, இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற சேலை ஷேப்வேர் பையை அப்படியே நசுக்கிவிடும். சுடிதாருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லவில்லை. ஒரு ஆளின் உடுப்பையே மாற்றச் சொல்லிவிட்டு அதை டிசைன் என்று சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இடது பக்க ஸ்டோமாவுக்குச் சேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தானை வலது இடுப்பிலிருந்து குறுக்காக ஏறி இடது தோளுக்குப் போகிறது, அதனால் இடது இடுப்புதான் திறந்து கிடக்கும். கொசுவத்தின் மடிப்பும் இடது பார்த்துத்தான் விழும். ஆக, பை உப்பினால் அது கண்ணில் படுகிற பக்கம் அதுவே. அக்கா எப்போதும் இடது கையை வயிற்றின் மேலே வைத்தபடியே நின்றுகொண்டிருந்தது இதனால்தான், எனக்கு முதலில் வலியோ என்று தோன்றியது.

செய்தது இது. நாடாவை எடுத்துவிட்டோம். உள்ளாடையின் மேல் பட்டையையே 5 செ.மீ. அகலத்துக்கு வைத்து, பாவாடையை அந்தப் பட்டையில் பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் ஊக்குகளால் தொங்கவிட்டோம், முன்பக்கம் இடது ஓரத்தில் ஒன்றுமே கிடையாது. பிராவில் வரும் ஊக்குப் பட்டை நம் ஊரில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதையே வெட்டி வைத்தாயிற்று. கொசுவத்தை இரண்டு விரல் வலது பக்கம் தள்ளிச் செருகச் சொன்னேன். செருகுவதற்குத் தாங்கும் அளவு பட்டை முன்பக்கத்தில் கெட்டியாக இருக்க வேண்டும், அதற்கு இரட்டைத் துணி. ஒரே இழுவிசையை 8 மி.மீ. நாடா தருவதற்கும் 50 மி.மீ. பட்டை தருவதற்கும் வித்தியாசம், சதுர செ.மீ.க்கு விழும் அழுத்தம் ஆறில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போடத் தெரிந்தால் போதும், பெரிய விஞ்ஞானம் இல்லை.

வயிறு தள்ளுகிறது

ஜோப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஸ்டோமாவைச் சுற்றி ஒரு புடைப்பு வர ஆரம்பித்தது. இருமினால் தெரியும், படுத்தால் போய்விடும். ஸ்டோமாவுக்காக வயிற்றுத் தசையில் போட்ட ஓட்டை வழியாகவே குடல் தள்ளிக்கொண்டு வருகிற குடலிறக்கம், டாக்டரும் அதைத்தான் சொன்னார். இது அபூர்வம் இல்லை: ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் 2018 வழிகாட்டல் ஒரு வருஷத்துக்குள் 30 சதவீதத்துக்கு மேல், இரண்டு வருஷத்தில் 40, அதற்கும் மேலே போனால் பாதிப் பேருக்கு வரலாம் என்கிறது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், கனம் தூக்காதீர்கள், தாங்கிப் பிடிக்கிற மாதிரி எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த "எதையாவது" எங்கள் மேஜைக்கு வந்தது. இப்படிப்பட்ட பெல்ட்டோ உள்ளாடையோ குடலிறக்கம் வராமலே தடுத்துவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. தாங்கிப் பிடித்தால் இழுவை குறையும், நிற்க நடக்க வசதியாக இருக்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். அதைத் தாண்டி விற்கிறவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

லைக்ரா கலந்த துணியை இறுக்கமாகத் தைத்துவிட்டால் தாங்கிப் பிடித்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். லாப்லாஸ் விதி அதற்கு ஒத்துவராது. துணியின் இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வருவதுதான் உடலில் விழும் அழுத்தம். தட்டையான வயிற்றுக்கு ஆரம் பெரிசு, அங்கே அழுத்தம் ஏறக்குறைய இல்லை. இடுப்பெலும்பு முனையில் ஆரம் சின்னது, அங்கே கடிக்கும். சரி, புடைப்பு? அது சின்ன மேடு, ஆரம் சின்னது, மேட்டின் உச்சியில் என்ன இருக்கிறது, ஸ்டோமாவும் பிளேட்டும்! அதாவது ஒரே சீரான இழுவை உள்ள உள்ளாடை, அழுத்தவே கூடாத இடத்தில்தான் ரொம்ப அழுத்தும். வெல்க்ரோ பெல்ட் ஏன் மோஷனைத் தேக்கியது என்பதற்கும் இதுதான் விடை.

அதனால் முன்பக்கத்தை மண்டலமாகப் பிரித்தோம். புடைப்பின் கீழ்ப்பாதியையும் இரு பக்கத்தையும் அணைத்தபடி ஒரு பெரிய யு வடிவத்தில் பவர்நெட், நைலானும் எலாஸ்டேனும் (லைக்ரா என்று சொல்கிறோமே அதே இழைதான்) சேர்ந்த வலைத்துணி, இரட்டையாக. யு-வின் நடுவில், பிளேட்டுக்கு நேராக, 95 சதவீதம் காட்டனும் 5 சதவீதம் எலாஸ்டேனும் கலந்த ஜெர்சி, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), ஒற்றையாக, பிரா கப்புக்கு வைப்பதுபோல இரண்டு டார்ட், அதாவது கூராக முடிகிற தையல் மடிப்பு, பிடித்துக் குழிவாக. கீழிருந்து மேலாகத் தாங்கும், உச்சியில் அழுத்தாது. பின்பக்கம் சாதாரண ஜெர்சிதான், பின்னால் இறுக்கி என்ன ஆகப் போகிறது. மொத்தச் சுற்றளவை நின்ற அளவுக்குப் பத்து சதவீதம் குறைத்து வெட்டினோம், சம்மணம் போடும்போது வயிறு விரிகிற எட்டு செ.மீ.யை வலது பக்கவாட்டில் வைத்த மெல்லிய ரிப் துண்டு வாங்கிக்கொள்ளும்.

பைக்கு ஓட்டை வைப்பதா வேண்டாமா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. ஓட்டை வைத்தால் பை வெளியே சுதந்திரமாகத் தொங்கும், நசுங்காது. ஆனால் ஓட்டையைச் சுற்றி இறுக்கமும் ஓட்டையில் இறுக்கமின்மையும் என்றால் புடைப்பு அந்த வழியாகத்தான் பிதுங்கும், ஓட்டை நகர்ந்தால் அதன் விளிம்பு ஸ்டோமாவையே அறுக்கும், வலியும் தெரியாது என்று முன்பே சொன்னேன். ஓட்டை இல்லாவிட்டால் நசுங்கல். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் போனோம். உள்சுவர், வெளிச்சுவர் என்று முன்பக்கம் இரண்டு அடுக்கு. தோலை ஒட்டிய உள்சுவரில் ஓட்டை, அதன் வழியாகப் பை இரண்டு சுவருக்கும் நடுவில் இறங்கி உட்காரும், தோலில் படாது. வெளிச்சுவரில் ஓட்டை கிடையாது, அங்கேதான் அந்தக் குழிவு. அக்கா கேட்ட ஜோப்பு இதுதான். வெளிச்சுவரின் கீழ்ப் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மடிப்பு ஒன்று, ஆண்கள் ஜட்டியில் முன்பக்கம் வருமே அதே முறை, அதற்குள் இரண்டு விரலை விட்டால் பையின் வால் வெளியே வரும். உள்ளாடையைக் கழற்றாமலே காலி செய்யலாம். தையல் எல்லாம் தட்டையாக உட்காரும் ஃபிளாட்லாக், ஓரத்தைச் சுற்றி அடிக்கும் ஓவர்லாக் தையலின் மேடு எங்கும் தோல் பக்கம் வரக் கூடாது.

மாவு சோதனை

ஆள்மேல் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் டம்மியில் பார்த்தோம். முதலில் பைக்குள் தண்ணீர் விட்டோம், 250 மில்லி. எல்லாம் பிரமாதமாக இருந்தது, ஏனென்றால் தண்ணீர் எந்த இடுக்கிலும் கீழே இறங்கிவிடும். கொலாஸ்டமியில், அதாவது அக்காவுக்கு இருப்பதுபோலப் பெருங்குடலில் வைத்த ஸ்டோமாவில், வருவது அப்படி இல்லை. சாம்பிள் பிரிவில் இருந்த இன்னொரு பெண் வீட்டிலிருந்து இட்லி மாவு கொண்டுவந்தாள். கெட்டி சரியாக இருந்தது. மேலேயிருந்து ஊற்றியதும் மாவு வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, முதல் குழிவு போதவில்லை. டார்ட்டை ஆழமாக்கியதும் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் மாவு புளித்துப் பை பலூனாகிவிட்டது. பையின் மேலே கார்பன் ஃபில்டர் ஒன்று இருக்கும், வாடை இல்லாமல் காற்றை மட்டும் வெளியே விடுவதற்கு, குளிக்கும்போது அது நனையாமல் இருக்க ஒட்டுகிற ஸ்டிக்கரை நாங்கள் அதன்மேல் ஒட்டி வைத்திருந்தோம். தற்செயல்தான், ஆனால் நல்ல சோதனை. நிஜத்திலும் ஃபில்டர் நனைந்தால் அடைத்துக்கொள்ளும், பை இப்படித்தான் உப்பும். உப்பிய பை வெளிச்சுவரை நேராக முன்னால் தள்ளியது, சேலைக்கு மேலே கட்டாயம் தெரியும். ஜோப்பை அகலமாக்கினோம், ஆழத்தை அல்ல: உப்பினால் காற்று பக்கவாட்டில் பரவட்டும், முன்னால் துருத்த வேண்டாம். சாயங்காலம் அந்த மாவை என்ன செய்வது என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது, அதை இங்கே எழுதவில்லை.

போட்டுப் பார்த்தது

காலையில் எழுந்திருப்பதற்கு முன்னால் படுத்தபடியே போட வேண்டும், அப்போதுதான் புடைப்பு உள்ளே போயிருக்கும், எழுந்து நின்ற பிறகு போட்டால் வெளியே வந்த குடலை வெளியிலேயே வைத்து இறுக்கியது மாதிரி ஆகும். இதை ஸ்டோமா நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். படுக்கையில் போடுவதற்கு இடுப்பைத் தூக்கி இழுக்க அக்காவால் முடியவில்லை, வயிற்றுத் தசைக்கு வேலை கொடுக்கவும் கூடாது, அதனால் வலது பக்கவாட்டைத் திறந்து ஊக்குப் பட்டை வைத்தோம். இரவில் கழற்றிவிடுவார். ஸ்டோமா கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, வயிறு வலித்து மோஷன் வராமல் வாந்தி வந்தாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதைக் காகிதத்தில் எழுதி மருமகளிடம் கொடுத்தாயிற்று.

முதல் வாரங்களில் இரண்டு குறை வந்தது. யு-வின் இடது மேல்முனை இடுப்பெலும்பில் கடித்துச் சிவப்பாக்கியது, லாப்லாஸ்தான், அந்த முனையை வளைத்து எலும்புக்குக் கீழே இறக்கினோம். அப்புறம் வேர்வை. இரண்டு சுவர், பை, பிளேட் என்று நாலு அடுக்கு ஒரே இடத்தில். உள்சுவரையும் பவர்நெட் வலையாகவே மாற்றியதும் காற்றோட்டம் வந்தது, ஆனால் வலை நைலான், காட்டன் மாதிரி வேர்வையை உறிஞ்சாது. வேலையில்லாத நாளில் பரவாயில்லை, அடுப்படியில் நின்றால் கஷ்டம்தான் என்கிறார். இதற்கு இன்னும் முழுசாகத் தீர்வு இல்லை.

நடந்தது என்ன என்றால் பிளேட்டின் மேல்விளிம்பு உரிவது நின்றுவிட்டது, பிளேட் இப்போது மூன்று நாள் நிற்கிறது. புடைப்பு அப்படியே இருக்கிறது, குறையவில்லை, குறையும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சாயங்காலம் வரும் இழுக்கிற வலி குறைந்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறார்.

இனி ஒன்றிலிருந்து பலவற்றுக்கு. எங்கள் கம்பெனி முதலாளியிடம் காட்டினேன், அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை சைஸ். கொலாஸ்டமி பெரும்பாலும் இடது, சிறுகுடலில் வைக்கிற இலியாஸ்டமி பெரும்பாலும் வலது, அதற்குள்ளும் ஸ்டோமாவின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும், ஆண் பெண் வேறு, குடலிறக்கம் உள்ளது இல்லாதது வேறு. பெருக்கிப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் லைன் ஓட்ட முடியாத எண்ணிக்கை வரும். ஸ்காட்லாந்தில் நிக்கோலா டேம்ஸ் என்ற நர்ஸ், தனக்கே இலியாஸ்டமி ஆன பிறகு வெனிலா பிளஷ் என்ற பெயரில் இதற்கென்றே உள்ளாடைக் கம்பெனி தொடங்கினார். அங்கே இப்படிப்பட்ட தாங்கு உள்ளாடைகளை அரசு மருத்துவத் திட்டத்தின் சீட்டில் வாங்க முடியும், அதனால் சைஸ் பெருகினாலும் சந்தை நிற்கிறது. இங்கே எல்லாம் கைக்காசு. பைக்கும் பிளேட்டுக்கும் மாதாமாதம் கொடுக்கிறவர்களிடம் உள்ளாடைக்கு ஆயிரக்கணக்கில் கேட்க முடியாது.

இதற்கு ஒரு வழி அந்த வலையிலேயே கிடைத்தது. பவர்நெட் வார்ப் நிட், அதாவது இழைகள் நீளவாக்கில் ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய துணி. ஜெர்சியை வெட்டினால் இழை ஓடும், சுருளும், மடித்து அடித்தே ஆக வேண்டும். வார்ப் நிட்டை எங்கே வெட்டினாலும் இழை பிரியாது, விளிம்பு அடிக்கவே வேண்டாம். அப்படியென்றால் உள்சுவர் வலையை ஓட்டையே இல்லாமல் தைத்து அனுப்பிவிடலாம், போடுகிறவர் தன் ஸ்டோமா இருக்கிற இடத்தில் தானே வெட்டிக்கொள்ளலாம். பிளேட்டையே எல்லோரும் வீட்டில் வளைந்த கத்தரியால் தங்கள் அளவுக்கு வெட்டித்தான் ஒட்டுகிறார்கள், அந்தக் கத்தரியும் அந்தப் பழக்கமும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. வலையில் வட்டங்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் போதும். இடது, வலது, உயரம் மூன்றும் ஒரே வெட்டில் முடிந்துவிடும். குழிவும் யு-வும் மட்டும் இரண்டு வகையாகத் தைக்க வேண்டியிருக்கும், அதைத் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினால் அதே பேட்டர்னில் வரும். துணி, எலாஸ்டிக், ஊக்கு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 180 ரூபாய்க்குள் அடங்கியது, கூலி தனி.

துவைப்பதில் மட்டும் கண்டிப்பு. பிளீச்சிங் பவுடர் போட்டால் எலாஸ்டேன் செத்துவிடும், வெந்நீரும் இஸ்திரியும் ஆகாது, நிழலில் உலர்த்த வேண்டும். கசிந்த நாளில் பிளீச்சிங் போடத்தான் கை போகும், அதனால்தான் வெள்ளையைத் தவிர்த்து அடர்ந்த மெரூனிலும் கறுப்பிலும் தைக்கிறோம். கறையைப் பார்க்காவிட்டால் பிளீச்சிங் டப்பாவைத் தேட மாட்டார்கள்.

அடுத்து வந்திருப்பவர் ஒரு ஆட்டோ ஓட்டுநர், வலது பக்கம் இலியாஸ்டமி. சிறுகுடலிலிருந்து வருவது கஞ்சி மாதிரி, நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும், அதில் இருக்கிற செரிமான நீர் பட்டால் தோல் அரித்துப் புண்ணாகிவிடும். மாவு சோதனை இவருக்குப் பயன்படாது, தண்ணீர் சோதனைதான். பை சீக்கிரம் நிறைவதால் ஜோப்பைவிட அந்தப் பக்கவாட்டு மடிப்பு முக்கியம், வண்டியை ஓரங்கட்டி ஒரு கையால் காலி செய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறார். நாள் முழுக்க முன்னால் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்து உட்காருவதால் அளவை அவர் சீட்டிலேயே உட்கார வைத்து எடுக்கப் போகிறோம்.